மூச்சுக்கு முந்தி வரும் எண்

சைக்கிளைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் இன்று ஓர் எண்ணைச் சுமந்து திரிகிறார்கள். எஃப்.டி.பி. என்று அதற்குப் பெயர். ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தளராமல் மிதித்துத் தரக்கூடிய உச்சத் திறன், வாட் கணக்கில். ஒருவருக்கு 160, இன்னொருவருக்கு 250. வாரம் முழுக்க என்ன செய்வது என்பதெல்லாம் இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதில் 55 சதவீதத்துக்குக் கீழே மிதித்தால் ஓய்வுச் சவாரி. 75 வரை நெடுந்தூர நிதானம். 91க்கும் 105க்கும் நடுவே எல்லையில் நிற்கும் வேலை. அதைத் தாண்டினால் மூச்சு கிழியும். ஆண்ட்ரூ காகன் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் வகுத்த ஏழு மண்டலங்களில் சில இவை. ஹன்டர் ஆலனோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 2006இல் வந்தபின் உலகம் முழுக்கச் சைக்கிள்காரர்களின் பேச்சுமொழியாகவே ஆகிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை நாலு பேர் சேர்ந்து போனால் அதில் இரண்டு பேராவது ‘இன்னைக்கு சோன் டூ மட்டும்தான்’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

மண்டலங்கள் நல்லவை. வேலையை அளந்து செய்யக் கற்றுக்கொடுத்தவை. அவற்றுக்கு ஆதாரமான அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது பிசகினால் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் உடம்பிடம் கேட்க வேண்டியிருந்தது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, லாக்டேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. 1976இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அலோயிஸ் மாடரும் அவர் குழுவினரும் லிட்டருக்கு 4 மில்லிமோல் என்று ஒரு கோட்டைக் கிழித்தார்கள். அதற்குக் கீழே இருக்கும்வரை உடம்பு சமாளிக்கும், மேலே போனால் கடன் ஏறிக்கொண்டே போகும் என்பது கணக்கு. 1985இல் அங்கேயே ஹெக்கும் சக ஆய்வாளர்களும் ஆள் ஆளாக அளந்து பார்த்தபோது சராசரி 4ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் ஒருவருக்கு அந்த எல்லை 3இல் இருந்தது, இன்னொருவருக்கு ஐந்தரையில். 4 என்ற கோட்டை வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் முதல் ஆள் நொறுங்கியிருப்பார், இரண்டாம் ஆள் தூங்கியிருப்பார்.

ரத்தம் எடுக்க வசதியில்லாதவர்களுக்கு இருபது நிமிடச் சோதனை வந்தது. இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது. இதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மூலச் சோதனையில் அந்த இருபது நிமிடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்லியிருக்கிறது. காலில் தேங்கியிருக்கும் திடீர்ச் சக்தியை அங்கேயே கரைத்துவிடத்தான் அந்த ஐந்து நிமிடம். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக இருபதுக்குப் போனால் எண் உயர்ந்துதான் வரும். அதுவும் கடினம் என்று, நிமிடத்துக்கு நிமிடம் பாரம் ஏறிக்கொண்டே போகும் ராம்ப் டெஸ்ட் பரவியது. கடைசியாகத் தாக்குப்பிடித்த ஒரு நிமிடத்தின் திறனில் 75 சதவீதம். குறுந்தூரப் பாய்ச்சலில் வல்லவர்களுக்கு இது தாராளமாக அள்ளிக்கொடுக்கும். பொறுமையாக நெடுநேரம் ஓட்டுபவர்களுக்குக் கை சுருக்கும்.

இவற்றில் எதுவும் பிழையற்றதில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் ஓர் ஆள் உட்கார்ந்து மிதித்தார், எங்கே முடியவில்லையோ அங்கே நிறுத்தினார். அந்த ‘முடியவில்லை’ ஒரு சாட்சியம்.

இப்போது அதுவும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. கைக்கடிகாரமும் செயலியும் நாம் ஓட்டிய பழைய சவாரிகளைப் படித்து, இதயத்துடிப்பையும் வாட்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்தி, சோதனை இல்லாமலே எண்ணைச் சொல்லிவிடுகின்றன. காலையில் எழுந்து பார்த்தால் எஃப்.டி.பி. ஏழு வாட் கூடியிருக்கும். இதை வரவேற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மீதி நேரத்தில் மிதிப்பவர்களுக்கு, மாதத்தில் ஒரு நாளைச் சோதனைக்கென்று ஒதுக்கி வாந்தி வரும்வரை ஓட்டுவது பெரிய பாடு. பல பேருக்கு இந்தக் கணிப்பு ஓரளவு சரியாகவும் வருகிறது. வராதவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பத்து சதவீதம்கூட வேண்டாம், எட்டு சதவீதம் பிசகினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். எங்கள் குழுவில் ஒரு தம்பி, மென்பொருள் வேலை, வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. மே மாதம் என்பதால் வெளியே போகாமல் ஸ்மார்ட் ட்ரெய்னரில் வண்டியைப் பூட்டி ஹாலில் மிதிக்கிறான். அவனுடைய உண்மையான எல்லை 250 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி 270 என்று கணித்திருக்கிறது. அன்றைய பாடம் இருபது நிமிடம் எல்லையில் நிற்பது, இடையில் ஓய்வு, மறுபடி இருபது.

எல்லைக்கு மேலே மிதிக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் உடம்பு ஒரு கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. 1965இல் பிரான்சில் மோனோவும் ஷெரெரும் தசைகளின் வேலையை அளந்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. கையிருப்புக்கு அளவு உண்டு. சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு 15, 20 கிலோஜூல். இந்தத் தம்பிக்கு 16 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 20 வாட் என்பது விநாடிக்கு 20 ஜூல் செலவு. 16,000ஐ 20ஆல் வகுத்தால் 800 விநாடி. பதின்மூன்று நிமிடம் இருபது விநாடியில் கை காலியாகிவிடும். அவனுக்குப் போட்டிருக்கும் வேலையோ இருபது நிமிடம். மன உறுதி, பிடிவாதம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டல் கழித்தலிலேயே அது முடியாத காரியம்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டாவது நிமிடம்வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது நிமிடத்தில் தோள் ஆடத் தொடங்கியது. பன்னிரண்டில் வாய் முழுக்கத் திறந்துவிட்டது. இரண்டு மின்விசிறி ஓடியும் பாயில் வேர்வை குளம் கட்டியது. அவன் ட்ரெய்னரை எர்க் மோடில் வைத்திருந்தான். அதாவது நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் 270 வாட்டை வாங்கியே தீருவேன் என்று எந்திரம் பாரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும்போது தேவைப்பட்ட அழுத்தம், கால் தளர்ந்து 60க்கு வந்தால் ஒன்றரை மடங்காகும். 45க்கு வந்தால் இரு மடங்கு. சோர்ந்தவனுக்குப் பாரம் கூடுகிறது. கூடுவதால் இன்னும் சோர்கிறான். பதினான்காம் நிமிடத்தில் மிதி அப்படியே நின்றுவிட்டது. கால் கீழே இறங்காமல் பாதியில் நின்ற அந்த நிலையில் அவன் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

‘‘என்னால முடியலண்ணா. நேத்து சரியாத் தூங்கல, அதான்.’’

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. அவனுடைய மூச்சும் காலும் பதினான்கு நிமிடமாகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவன் நம்பவில்லை. எண் தப்பாக இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. தூக்கத்தில் குற்றம் கண்டான், சாப்பாட்டில் கண்டான், கடைசியில் தன் மன உறுதியில் கண்டான்.

இந்தத் தவறு எல்லைக்கு மேலே செய்யும் வேலையோடு நின்றுவிடுவதில்லை. 270ஐ வைத்துப் போட்ட நிதானச் சவாரியின் மேல்வரம்பு 202 வாட். அவனுடைய உண்மையான 250க்கு அது 81 சதவீதம். அதாவது ஓய்வுபோல இருக்கவேண்டிய நெடுஞ்சவாரியே அரைக் கடினமாகிவிடுகிறது. கடினமான நாளில் முடிக்க முடியாது, எளிதான நாளில் இளைப்பாற முடியாது. நெடுந்தூர விளையாட்டு வீரர்கள் பெரும்பாலான பயிற்சியை எளிதாகவும் சிறு பகுதியை மட்டும் கடுமையாகவும் வைத்துக்கொள்வதை ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள சாம்பல் நிறப் பகுதியில் மாதக் கணக்கில் கிடப்பவருக்குக் களைப்புதான் மிஞ்சுகிறது.

எண் குறைவாக வந்தால் பாதகமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் ஆழமான பிழையாகப் படுகிறது. அதிகமான எண் என்றைக்காவது ஒரு நாள் ஆளைக் கவிழ்த்து விஷயத்தை வெளியே கொண்டுவந்துவிடும். குறைந்த எண் சத்தம் போடாது. அது கொடுக்கும் பாடத்தை நீங்கள் எளிதாக முடிப்பீர்கள். முடித்த தரவைப் பார்த்து, ‘இவருடைய அளவு இதுதான்’ என்று செயலி உறுதிப்படுத்திக்கொள்ளும். கடினமாக மிதிக்கச் சொல்லாததால் கடினமாக மிதிக்கவில்லை. மிதிக்காததால் மிதிக்க முடியும் என்பதற்குச் சான்று இல்லை. ஆளை நிற்கவைத்து அளக்காமல், தான் போன தடவை தைத்துக் கொடுத்த சட்டையையே அளவுச் சட்டையாக வைத்து மறுபடி தைக்கும் தையற்காரரைப் போல.

சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் சாலை தட்டை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம்வரை ஏற்றம் என்று சொன்னால் முட்டுக்காடு பாலம்தான். அக்கரை வரைக்கும் சிக்னல் வேறு. போவதும் கூட்டமாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் காற்றை மறைத்துக்கொண்டு. பின்னால் வருபவருக்குத் தேவைப்படும் திறன் முன்னால் போகிறவரைவிட வெகு குறைவு. இந்தச் சவாரிகளையே ஆறு மாதம் படித்த மென்பொருளுக்கு அவருடைய உச்சம் எங்கே தெரியும்? அதே ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போகிறார். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, இறக்கம் இல்லாத ஏற்றம், மறைந்துகொள்ள முதுகு இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கைபேசி சிணுங்குகிறது. ‘வாழ்த்துகள், உங்கள் எஃப்.டி.பி. 22 வாட் உயர்ந்திருக்கிறது.’ காலையில் அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டபோதும் அவர் கால்களில் அந்தத் திறன் இருந்ததுதான். கருவி அன்றைக்குத்தான் பார்த்தது.

வாட்டை அளக்கும் கருவியே பிசகுவதும் உண்டு. வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்துப் பூஜ்ஜியம் சரிசெய்யாமல் கிளம்பினால் எண் நகர்ந்திருக்கும். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மலிவான மீட்டரில், இடது கால் 52 சதவீத வேலை செய்கிறவருக்கு மொத்தம் 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இதெல்லாம் கைவேலைப் பிழைகள், கவனமாக இருந்தால் தீர்ந்துவிடும். இதயத்துடிப்பிலிருந்து கணிப்பது வேறு ரகம்.

அதன் மூலம் பழையது. 1954இல் ஸ்டாக்ஹோமில் பெர்-ஓலாஃப் ஆஸ்ட்ராண்டும் இர்மா ரூமிங்கும் ஒரு வரைகட்டம் வெளியிட்டார்கள். நிலைசைக்கிளில் ஒருவரை மிதமாக மிதிக்கச் சொல்லி, துடிப்பைப் பார்த்து, அவர் உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துவார் என்று கோடு நீட்டிக் கண்டுபிடிக்கும் வழி. ஒருவரை மூச்சு முட்டும்வரை துரத்தாமலே உச்சத்தை ஊகிக்கலாம் என்ற அந்த யோசனை அழகானது. இன்றைய கடிகாரங்கள் சொல்லும் வி.ஓ.2 மேக்ஸ் எண்ணுக்கு அதுதான் பாட்டி முறை. ஆனால் அவர்கள் அளந்தது நல்ல உடற்பயிற்சி பெற்ற இளம் மாணவர்களை. வயது ஏறினால் உச்சத் துடிப்பு குறையும் என்பதால் பின்னால், 1960இல், இர்மா தானே வயதுக்கான திருத்தத்தைச் சேர்க்கவேண்டி வந்தது. கோடு எங்கே போய் முடிகிறது என்பது அந்த ஆளின் உச்சத் துடிப்பு எது என்பதைப் பொறுத்தது. அது தெரியாவிட்டால் நீட்டிய கோடு காற்றில் நிற்கும்.

உச்சத் துடிப்பை எப்படித் தெரிந்துகொள்வது? 220இலிருந்து வயதைக் கழி என்று ஊருக்கெல்லாம் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் இருக்கிறது, மருத்துவமனைச் சுவரொட்டியில் இருக்கிறது, வாங்கிய அன்றே கடிகாரத்துக்குள்ளும் இருக்கிறது. 1970ஐ ஒட்டி சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெலும் ஒரு கூட்டத்துக்காகப் பத்துச் சொச்சம் ஆய்வுகளின் எண்களைப் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்ததில் கண்ணுக்குப் பட்ட கோடு அது. எல்லா மனிதருக்குமான விதி என்று அவர்கள் அதை முன்வைக்கவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லா மனிதருக்கும் மாதிரியும் இல்லை. 2001இல் ஹிரோஃபுமி தனாகாவும் சக ஆய்வாளர்களும் 351 ஆய்வுகளை, 18,712 பேரின் தரவை ஒன்றுசேர்த்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பதே பொருந்துகிறது என்று காட்டினார்கள். அறுபது வயதுக்கு இரண்டுக்கும் ஆறு துடிப்பு வித்தியாசம். நாற்பது வயதுக்கு இரண்டும் 180 என்றே சொல்கின்றன. கோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஒரே வயதுக்காரர்களுக்குள் இருக்கும் பரவல் அப்படியேதான் இருக்கிறது: கோட்டுக்கு மேலும் கீழும் பத்துப் பத்துத் துடிப்புக்குள் மூன்றில் இரண்டு பேர்தான் அடங்குவார்கள். மூன்றாவது ஆள் வெளியே நிற்கிறார். அவருக்கு எந்தச் சூத்திரமும் உதவாது.

அப்படி வெளியே நிற்கும் ஒருவரை எனக்குத் தெரியும். வங்கியில் வேலை, நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகியவர். சூத்திரப்படி அவருடைய உச்சம் 175. உண்மையில் 190ஐத் தாண்டிப் போகும். முட்டுக்காடு வரை மகளின் கல்லூரிக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார், மூச்சு வாங்காமல், முழு முழு வாக்கியமாக. துடிப்பு 152. கடிகாரத்தின் கணக்கில் அது 87 சதவீதம், கடும் உழைப்பு. வீடு திரும்பியதும் அடுத்த மூன்று நாளைக்கு ஓய்வெடுக்கச் சொல்லும். அதோடு வி.ஓ.2 மேக்ஸ் குறைந்துவிட்டது என்றும் காட்டும்.

‘‘வாட்ச் என்னைப் படுத்துக்கச் சொல்லுது. எனக்கு ஒண்ணுமே ஆகலையே!’’ என்றார் ஒரு நாள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கேட்டபோது, ‘‘ரெக்கவரி இன்னும் முடியலன்னு காட்டுச்சு’’ என்றார். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, கால் துறுதுறுவென்று இருந்த ஒரு பெண்மணி, வண்டியைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருந்திருக்கிறார்.

வெயில் இன்னொரு பாடு. மே மாதம் காலை ஐந்தரைக்கே கடற்கரைச் சாலையில் 28, 29 டிகிரி. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலர்வதில்லை, வழிகிறது. உடம்பு குளிர வேண்டுமானால் ரத்தம் தோலுக்குப் போக வேண்டும். போன ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, வேர்வையில் நீரும் போகிறது. ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அதே 150 வாட், அதே வேகம்; முதல் அரை மணியில் 135 இருந்த துடிப்பு இரண்டாம் மணியில் 150க்குப் போகிறது. குளிர்ந்த அறையில் பழகிய கணக்குக்கு இது உடல்திறன் சரிவாகத் தெரியும். வெப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் நம்புவது வானிலை நிலையத்தின் எண்ணை. மூன்றாவது மாடி ஹாலில் எத்தனை டிகிரி என்று அவற்றுக்குத் தெரியாது. சித்திரையிலும் வைகாசியிலும் நம் ஊர்க்காரர்கள் பலர், தாம் பலவீனமாகிவிட்டோம் என்று நினைத்துப் பயிற்சியைக் கூட்டுகிறார்கள், அல்லது மனம் விட்டுப்போய் நிறுத்துகிறார்கள். இரண்டுக்குமே காரணமில்லை. உண்மையில் வெப்பத்தில் சில வாரம் தாக்குப்பிடித்த உடம்பு பிளாஸ்மாவைக் கூட்டிக்கொண்டு, சீக்கிரமே வேர்க்கப் பழகிக்கொண்டு, முன்னைவிடத் தேறிக்கொண்டிருக்கும்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தவர் அறுபதைத் தொடும் ஒரு பெரியவர். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாத்திரை ஆரம்பித்திருந்தார். பீட்டா பிளாக்கர் வகை, நம் ஊரில் எத்தனையோ பேர் தினமும் விழுங்குவது. ‘‘பாருங்க தம்பி, ரெண்டு மாசத்துல ஃபிட்னஸ் எப்படி ஏறியிருக்கு’’ என்று கைபேசியை நீட்டினார். உண்மைதான், கோடு மேலே போயிருந்தது. அந்த மாத்திரை இதயத்துடிப்பை அடக்கும். உச்சத்தையும் சேர்த்தே அடக்கும். அதே வாட்டுக்குத் துடிப்பு குறைவாக இருப்பதைப் பார்த்த கணிப்பு, இவருக்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. வயதை வைத்து அது நினைத்துக்கொண்டிருக்கும் உச்சத்தை அவர் இதயம் இப்போது எட்டவே முடியாது. அந்த வாரப் பாடத்தில் ‘துடிப்பை 145க்குக் கொண்டுபோய் எட்டு நிமிடம் நிறுத்துங்கள்’ என்று இருந்தது. மாத்திரை போட்ட இதயத்தை அந்த எண்ணுக்குத் துரத்தினால் எங்கே போய் நிற்பார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மாத்திரையைப் பற்றி மென்பொருள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கேட்பது. இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. கணிப்பு தவறுவதில் எனக்குப் புகார் இல்லை. ரத்தச் சோதனை தவறியிருக்கிறது, இருபது நிமிடச் சோதனையும் தவறுகிறது. 1982இல் இத்தாலியின் ஃபெராராவில் ஃபிரான்செஸ்கோ கொன்கோனி, வேகம் ஏற ஏறத் துடிப்புக் கோடு மடியும் இடமே எல்லை என்று சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து மெக்ஸிகோ நகரின் மெல்லிய காற்றில், தட்டுச் சக்கரங்களோடு, ஃபிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்ததும் அந்தச் சோதனைக்குப் பெரும் புகழ் வந்தது. பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது, கோடு எல்லோருக்கும் மடிவதில்லை, மடிகிறவர்களுக்கும் பெரும்பாலும் எல்லைக்கு மேலேதான் மடிகிறது என்று தெரிந்தது. அந்தச் சோதனை கைவிடப்பட முடிந்தது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சாட்சியம் கையில் இருந்தது. தானாகக் கணித்து, தானாகப் பாடம் போட்டு, அந்தப் பாடத்தின் விளைவையே மறுபடி படித்துக் கணிக்கும் முறையில் அந்த வேறொரு சாட்சியத்துக்கு இடம் எங்கே? தம்பி பதினான்காம் நிமிடத்தில் நின்றதை அது தோல்வி என்று பதிகிறது. பெண்மணி ஓய்வெடுத்ததை அது ஒப்புதல் என்று பதிகிறது.

இதைச் செய்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. 263 என்று ஒற்றை எண்ணைக் காட்டாமல் 245க்கும் 275க்கும் நடுவே என்று காட்டட்டும். கடந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட நீங்கள் முழு மூச்சில் மிதிக்கவில்லை, அதனால் இந்த எண்ணுக்குப் பலம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். மாத்திரை, காய்ச்சல், மாதவிடாய், அறையின் வெக்கை என்று நாலு கேள்வி கேட்கட்டும். உயரமாகத் தெரியும் எண் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் தருகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் உடம்போடு விளையாடும் எண்ணுக்கு அந்தக் குறைந்தபட்ச நேர்மை வேண்டும்.

தம்பிக்கு எர்க் மோடை அணைக்கச் சொன்னேன். எண்ணை மறைத்துவிட்டு, இருபது நிமிடம் முடியும் என்று தோன்றும் அளவில் மிதித்துப் பார் என்றேன். 248இல் நின்றான். வங்கித் தோழி ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் ட்ரெட்மில் சோதனை செய்து, வந்த உச்சத்தைக் கடிகாரத்தில் தானே மாற்றிக்கொண்டார். அதன்பின் அவருடைய 152 நிதானமாகத்தான் காட்டப்படுகிறது.

பெரியவர் விஷயத்தில் அவருடைய இதய மருத்துவர் துடிப்பை விட்டுவிடச் சொன்னார். அதற்குப் பதிலாகச் சொன்னது ஸ்வீடன்காரர் குன்னார் போர்க் 1960களிலிருந்து உருவாக்கிய அளவுகோல். ஆறிலிருந்து இருபதுவரை, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று ஓட்டுகிறவரே ஓர் எண் சொல்ல வேண்டும். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இருபது என்றால் இனி ஒரு மிதிகூட இல்லை. ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய துடிப்பு வரும் என்பதால்தான் ஆறில் தொடங்கி இருபதில் முடித்தார். உடல் படும் பாட்டைக் காட்டும் அடையாளங்களில் ஆள் தானே உணர்ந்து சொல்வதுதான் சிறந்தது என்பது போர்க்கின் கருத்து. துடிப்பும் மூச்சும் தசையும் மூட்டும் எல்லாம் அந்த ஓர் உணர்வில் கலந்திருக்கின்றன. பீட்டா பிளாக்கர் எடுக்கும் இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சியில் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெரியவர் இப்போது சவாரி முடிந்ததும் கைபேசியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டில் எழுதுகிறார்: தேதி, தூரம், ‘12’ அல்லது ‘13’, மூச்சு எப்படி இருந்தது என்று ஒரு வரி. எழுதிய பிறகுதான் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் பக்க ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைக்கிறார். அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறார்.